இயந்திரத்துக்கு வைத்த பொட்டு

பேத்தியின் பள்ளி விழாவுக்குப் பச்சை வளையல் வேண்டுமென்று பீரோவின் அடித்தட்டைத் துழாவிக்கொண்டிருந்தேன். கையில் வந்தது நம்முடைய வளையல். மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் இழுத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோமே, அதேதான். தாள் தொய்ந்துபோயிருந்தது. நடுவில் மஞ்சள்தூளின் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தை இது, சல்லடையா?" என்றாள் மருமகள்.

"ஆமா. அதுலதான் சலிச்சு உம்பிள்ளையை வீட்டுக்குக் கொண்டாந்தோம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் தம்பி நகை மதிப்புப் பார்க்கும் கடையை மூடியபோது, தங்கத்தின் மாற்றுப் பார்க்கிற அந்த இயந்திரத்தை நீ வாங்கிக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்தாய். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தே தலை நரைத்தவள், ஓய்வுபெற்ற பிறகாவது சும்மா இருக்கக் கூடாதா என்று அடுத்த வீட்டுக்காரியான நான் கேட்டேன். "மனுசன் எலும்பைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சுட்டி. இனிமே சாமானோட எலும்பைப் பாக்கப் போறேன்" என்றாய். அதுவும் எக்ஸ்ரே இயந்திரம்தான் என்பதால், அரசாங்க அனுமதிக் காகிதம் கைக்கு வரும்வரை பொத்தானைத் தொடவிடவில்லை. வந்த அன்று, பின்னறைக் கதவில் எச்சரிக்கைப் பலகையை மாட்டிவிட்டுத்தான் என்னை உள்ளே கூப்பிட்டாய்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எக்ஸ்ரே பட்டால் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிர் ஒன்றைத் திருப்பி அனுப்பும், திரையில் அது ஒரு குன்றாக எழும், குன்று நிற்கும் இடத்தை வைத்து உலோகத்தின் பெயரைச் சொல்லிவிடலாம் என்று நீ சொன்னது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பஸ்ஸில் தூங்கி விழித்தவர்கள் மலையைப் பார்த்து ஊரைச் சொல்வதில்லையா? மகனின் பழைய பாடப் புத்தகங்களையும் கைப்பேசி வீடியோக்களையும் வைத்து மிச்சத்தை நானே படித்தேன். இரும்புக்கு ஒற்றைக் குன்றுபோலத் தெரியும். காரீயத்துக்குத் தள்ளித் தள்ளி இரண்டு. அதை நீ "இரட்டைப் பிள்ளை" என்பாய்.

மோதிரத்தை வைத்துப் பார்க்கச் செய்த இயந்திரம் அது. நாம் வைத்ததோ கடுகில் பாதி. அவ்வளவு சிறிய பொருள் என்றால் கதிர் அதைத் தாண்டிப் போய், கீழே இருக்கும் தட்டையும் சேர்த்துச் சொல்லிவிடும். அதனால்தான் வளையலில் தாள் கட்டி, துணுக்கை அந்தரத்தில் நிறுத்தினோம். வெறும் தாளை முதலில் வைத்துப் பார்த்தோம். துடைத்துவிட்டதுபோல் ஒன்றுமே இல்லை. உனக்கு அன்று எத்தனை பெருமை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு உன் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்காமல் விடமாட்டேன் என்று குங்குமச் செப்போடு வந்து நின்றேன். வேலை செய்கிற எதையும் வெறும் நெற்றியோடு விடக்கூடாது என்பது என் பிடிவாதம்.

"வையி, வையி. ஏசப்பா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா பொரிகடலை எனக்குத்தான், மிஷினுக்கு இல்ல" என்றாய்.

சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம். மூடியின் மேலே, உள்விளிம்பில், கணினிக்கு, மேசைக்காலுக்கும்கூட.

அதற்குப் பிறகுதான் பேத்தி சோர்ந்துபோனாள். இரண்டு வயதுப் பிள்ளை ஓடவில்லை, சோறு இறங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மதுரை டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, காரீயம் ஏறியிருக்கிறது என்றார். எங்கிருந்து ஏறுகிறது என்று தெரியும்வரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள் என்றும் சொன்னார். மருமகள் பிள்ளையோடு மதுரையில் தன் அம்மா வீட்டில் தங்கிவிட்டாள். அங்கே போனதும் பிள்ளை கொஞ்சம் தெளிந்தாள். ஆகவே கேடு எங்கள் வீட்டில்தான். மகன் வீட்டை விற்றுவிட்டு மதுரைக்கே போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தான். பெருமாள் விளக்கின் முன்னால் உட்கார்ந்தால் மடி காலியாக இருந்தது.

"அழுவுறதைப் பொறவு பாத்துக்கலாம். வீட்டுல பிள்ளை கைபட்டது, வாய்பட்டது எல்லாத்துலயும் ஒரு துளி கொண்டா" என்றாய் நீ.

கொண்டுவந்தேன். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கண்மை, தொட்டில் கம்பியில் உரிந்த சாயம், ரசம் வைக்கும் வெள்ளீயச் சொம்பில் சுரண்டிய பொடி, பால்கோவா சுற்றிவந்த தாளின் ஓரம். வளையலில் ஒவ்வொன்றாக வைத்தோம். ஒவ்வொன்றிலும் இரட்டைப் பிள்ளை எழுந்து நின்றது. உப்பில்கூட.

"ஏட்டி, உங்க வீட்டைத் தரைமட்டமாக்குனாத்தான் தீரும் போலருக்கே" என்றாய். விளையாட்டாகச் சொல்ல முயன்றாய். மகனுக்குப் போன் போட எழுந்தேன். வீட்டை விற்றுவிடு என்று சொல்லத்தான்.

கதவுவரை போனவளை நிறுத்தியது செக்கு எண்ணெய்க்கடை நினைப்புதான். எண்ணெய் வாங்கப் போனால், வெறும் தூக்குச்சட்டியை ஒவ்வொரு முறையும் நிறுத்துக் காட்டச் சொல்வேன். போன மாதம் நிறுத்த எடை இந்த மாதம் செல்லாது, அடியில் கசடு ஒட்டியிருக்கும் என்று கடைக்காரரிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

"வெறுந்தாளை எப்ப வச்சுப் பாத்தோம்?"

"அதான் மொதல்லயே பாத்தோமே, சுத்தமா இருந்துச்சே."

"அது பூசைக்கு முன்னாடி. இப்ப ஒருவாட்டி வையி."

முனகிக்கொண்டேதான் புதுத் தாள் கட்டி வைத்தாய். மேலே ஒன்றுமே இல்லாத தாள். செத்த நேரத்தில் இரட்டைப் பிள்ளை ஜோராக எழுந்தது.

நீ மூடியைத் திறந்து டார்ச் அடித்தாய். கதிர் வரும் சின்னச் சன்னலைச் சுற்றிச் செந்தூள் சிந்திக் கிடந்தது. நான் உள்விளிம்பில் வைத்த பொட்டுகள் மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் உதிர்ந்திருக்கின்றன. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நீ மெதுவாகத் துடைத்தாய். வெறும் தாளை மறுபடி வைத்தோம். ஒன்றும் இல்லை. மஞ்சளில் இல்லை, கண்மையில் இல்லை, சொம்பில் இல்லை, தொட்டிலில் இல்லை. எங்கள் வீடு ஒவ்வொன்றாக விடுதலையாகிக்கொண்டு வந்தது.

கடைசியில் நீ என் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினாய். இடுப்பில் செருகியிருந்த குங்குமச் செப்பை எடுத்துக் கொடுத்தேன். வடக்கே யாத்திரை போன இடத்தில், நடைபாதையில் ஆசைப்பட்டு வாங்கிய குங்குமம், கண்ணைப் பறிக்கும் செந்நிறம். அது பாதி தீர்ந்திருந்தது. ஊசிமுனையில் தொட்டு வைத்தாய். திரை போதாமல் குன்றுகள் உச்சியில் முட்டின.

தினமும் விளக்கேற்றிவிட்டுப் பேத்தியை மடியில் வைத்து, அதே செப்பிலிருந்துதான் அவள் நெற்றியில் இடுவேன். மூக்கில் உதிரும். அவள் விரலால் தொட்டு வாயில் வைப்பாள். நாங்கள் அதை ரசித்துக்கொண்டிருந்தோம். மிஷினுக்கு உதிர்ந்ததுபோலவே பிள்ளைக்கும் உதிர்ந்திருக்கிறது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எந்திரிட்டி. நீ இந்த மிஷினுக்குப் பொட்டு வைக்காம இருந்தா, குங்குமத்தைச் சோதிக்கணும்னு நம்ம ரெண்டு பேருக்கும் தோணியிருக்குமா? நீ கொண்டாந்த சாமான்ல அது இருந்துச்சா? உம்பெருமாள் கையைப் புடிச்சு வைக்க வச்சிருக்காரு. போயி பிள்ளையைக் கூட்டிட்டு வா."

அதுதான் உண்மை. வீட்டிலிருந்த எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். சாமியறையைச் சந்தேகப்பட எனக்கு மனம் வந்திருக்காது.

டாக்டர் சொன்னபடி, குங்குமத்தையும் அது பட்ட துணிமணியையும் அப்புறப்படுத்தி வீட்டை ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். சில மாத வைத்தியத்தில் பிள்ளையின் ரத்தம் தேறியது. அவள் வந்து இறங்கிய அன்று உன் வீட்டுக்குத்தான் முதலில் ஓடினாள். ஓடினாள் என்று எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. மஞ்சளும் எலுமிச்சையும் சுண்ணாம்பும் சேர்த்து நானே செய்த குங்குமத்தை நீ வளையலில் வைத்துப் பார்த்து, "பாஸ்" என்று சொன்ன பிறகுதான் அவள் நெற்றிக்குப் போனது. பஜனைக்கு வரும் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு சிட்டிகை மடித்துக்கொண்டு உன் வாசலில் வரிசைகட்டினார்கள். "மாதா கோயிலுக்குப் போறவ வீட்டுல இம்புட்டுக் குங்குமமா" என்று உன் தம்பி கேலி செய்தார். இரண்டு வீட்டில் அதேபோலக் காரீயம் கலந்த குங்குமத்தைக் கண்டு குப்பையில் சேராமல் தனியாக அப்புறப்படுத்த வைத்தாய். அந்த இரண்டு வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் உண்டு.

போன தையில் நீ போய்விட்டாய். இயந்திரம் உன் விருப்பப்படி கல்லூரிக்குப் போயிற்று. அங்கே அதற்கு யாராவது பொட்டு வைத்திருப்பார்கள். முதலில் வெறுந்தாளை வைத்துப் பாருங்கள் என்று உன் தம்பியிடம் சொல்லி அனுப்பினேன்.

இந்தப் புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற பெருமாள் மலைக்குப் போனோம். பேத்தி எங்கள் எல்லோருக்கும் முன்னால் படியேறி, மேலே நின்று, "ஆச்சி, இன்னும் எம்புட்டு நேரம்?" என்று கத்தினாள். மூச்சிரைக்க ஏறிப்போய்ப் பேத்தி பெயருக்கு அர்ச்சனை சொன்னேன். அடுத்து உன் பெயரைச் சொன்னேன். மாதா கோயில் பெயரைக் கேட்டுப் பட்டர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். இருக்கிறவர்களுக்குத்தான் அர்ச்சனை என்பது எனக்குத் தெரியாததல்ல. என் கணக்கில் நீ இருக்கிறவர்கள் பக்கம்தான்.

"நட்சத்திரம்?" என்றார்.

உனக்கு நட்சத்திரம் பார்த்தவர் யார்? பிள்ளை மதுரையிலிருந்து வீடு திரும்பிய நாள் ரோகிணி.

"ரோகிணி" என்றேன்.