ஆள் தெரியாத வெந்நீர்

மார்ச் 4, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். மலைப்பாதையில் பேருந்து எடுத்த வளைவுகளில் என் முன்னோர்கள் வரிசையாகக் காட்சி கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊர் என்றால் ஒரே தெரு. தெரு முழுக்க வெந்நீர் ஊற்றின் ஆவி, அழுகின முட்டை வாடை. இந்த நாற்றத்தில் முங்கத்தான் உலகமே முண்டியடித்து வருகிறதாம்!

விடுதிக்காரருக்கு ‘சர்வரோக நிவாரணி’ என்று பட்டம் சூட்டிவிட்டேன். முழங்கால், மூலம், மனக்கவலை, பிள்ளையின் படிப்பு – எல்லாம் ஊற்றுத் தண்ணீரில் சரியாகுமாம். “உங்க தலையில முடி மட்டும் ஏன் வரலை?” என்றேன். அக்கா என் காலை மிதித்தாள்.

அவளுக்காகத்தான் இந்தப் பயணம். பக்கவாதம் வந்து போனதிலிருந்து வலது கை விரல்கள் மடங்குவதில்லை. துணி வெட்டுகிற கை. தைக்க அவள் மகள் இருக்கிறாள். வெட்ட ஆளில்லாமல் தையற்கடை பூட்டிக் கிடக்கிறது. வெந்நீரில் பயிற்சி செய்தால் இளகலாம், உறுதியில்லை என்றார் டாக்டர். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மகள் எங்களை ஏற்றிவிட்டாள். “மாமா, உங்க முதுகுக்கும் நல்லதாம்!”

என் முதுகா? வருடக்கணக்காக வளைய மறுக்கும் இரும்புத் தூண் அது. வைத்தியர்கள் கண்ணீரோடு விடைபெற்றிருக்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

ஆண்கள் தொட்டி, பெண்கள் தொட்டி, நடுவில் சுவர். என்னைச் சுற்றி வெந்த உருளைக்கிழங்குகள் மாதிரி மனிதர்கள். கண்ணை மூடி, ஞானம் வந்துவிட்ட முகபாவம் வேறு.

சுவருக்கு அப்பால் கத்தினேன். “அக்கா, வெந்துட்டியா?”

“வாயை மூடுடா! இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும். அதுவும் இந்தத் தண்ணியாலதான்னு போர்டு எழுதிடுவாங்க.”

குளித்து வந்ததும் ஈரத்துண்டை வலது கையால் பிழிந்து பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. “முதல் நாள்தானே” என்றாள்.

மார்ச் 6, வியாழன்

துண்டு: சொட்டவில்லை.

மார்ச் 8, சனி

விபரீதம். குளியலறையில் சோப்பு நழுவி விழுந்தது. எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது – குனிந்திருக்கிறேன்! வலி இல்லை. இன்னொரு முறை சோப்பைப் போட்டு எடுத்தேன். இல்லவே இல்லை.

அட அறிவு கெட்ட தண்ணீரே! பூமியின் வயிற்றைக் கிழித்து, மலையைத் துளைத்து, யுகயுகமாக நடந்து வந்தாயே, வந்த இடத்தில் ஆள் யாரென்று விசாரிக்கத் தெரியாதா? சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதுதானே? என் முதுகைச் சரிபண்ணச் சொல்லி உன்னை எவன் கேட்டான்? இதை அவகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?

சொல்ல மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

முனகுகிறேன். படியில் “அம்மா”, நாற்காலியில் “ஐயோ”. நாடக உலகம் என்னை இழந்து தவிக்கிறது. சர்வரோக நிவாரணி கலங்கிப்போனார். “சார், உங்களுக்கு மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?”

“எனக்கு நம்பிக்கை இல்லை, அதான்.”

மனுஷன் தலையாட்டி ஒப்புக்கொண்டார்! நம்பிக்கையே குலை குலையாக வைத்திருக்கிறாளே அக்கா, அவளுக்கு ஏன் குணமாகவில்லை? கேட்க நினைத்தேன். பக்கத்திலேயே நின்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். ஈரப்படியில் அவள் செருப்பு வார் கழன்றது. இடது கையால் மாட்டத் தடுமாறினாள். சட்டென்று குனிந்து மாட்டிவிட்டேன். நிமிர்ந்தால், அந்தப் பார்வை.

“எப்ப இருந்துடா?”

“என்னது?”

“நடிக்காதே.”

“சனிக்கிழமையிலேருந்து.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. “வயித்தெரிச்சலா இருக்குடா. நிஜமாவே.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்குன்னு முனகிக் காட்டினியா, லூசு?”

குனிந்து அவளுடைய இன்னொரு செருப்பு வாரையும் இறுக்கினேன். முனகாமல்!

அறைக்கு வந்ததும் பெட்டியைக் கட்டச் சொன்னாள். பிறகு, துணியை அளப்பது மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “மேஜை மேல குனிஞ்சு ரொம்ப நேரம் நிக்க முடியுமா உன்னால?”

“எதுக்கு?”

என் வலது கையை இழுத்து, விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

கடை திறந்தாகிவிட்டது. அக்கா இடது கையால் சாக்குக்கட்டிக் கோடு போடுகிறாள், நான் வெட்டுகிறேன்.

“கோட்டு மேல வெட்டுடா, பக்கத்துல இல்ல!”

“கோடே தள்ளாடுது, நான் என்ன பண்ண?”

நேற்று வெட்டிய சட்டையைப் பக்கத்து பேக்கரிக்காரர் போட்டுப் பார்த்தார். ஒரு கை முழங்கையோடு முடிந்துவிட்டிருந்தது. கழற்றி மடித்துக் கொடுத்தார். மிஷினில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் சிரித்துச் சிரித்து நூலை அறுத்துவிட்டாள்.

இன்று ஒன்று வெட்டினேன். வெட்டின ஓரத்தை அக்கா விரலால் தடவிப் பார்த்தாள்.

“கண்றாவி” என்றாள். மகளிடம் தைக்கக் கொடுத்துவிட்டு, அடுத்த துணியை விரித்தாள்.