பழுப்புத் தாளில் ஒரு கட்டடம்

மைனி,

இன்று காலை பழுப்புத் தாள் சுருளைப் பிரித்தேன். தூசியும் பசையும் கலந்த அந்த வாசம் வந்ததுமே, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நீங்கள் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது. தாராவியில் இருக்கும் நம் கட்டடத்தை மறுபடியும் புதுப்பிக்கப் போகிறோம். கீழே கடை, மேலே தோல் பை தைக்கும் பட்டறை, எல்லாமே மாறப்போகிறது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு பைகளுக்குப் புது மாடல் வரைவது என் தலையில் விழுந்துவிட்டது. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வரைந்து வரைந்து முதுகு விட்டுப்போகிறது. இந்தத் தடவையாவது எனக்கென்று ஒரு மேசை வேண்டும். அண்ணன் போட்ட திட்டத்தில் கண்ணாடி அலமாரி இருக்கிறது, ஏசி இருக்கிறது, மீன் தொட்டிக்குக்கூட இடம் இருக்கிறது. என் மேசையைத்தான் காணவில்லை.

போன தடவை நாம் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? என்ஜினீயர் கொடுத்த வரைபடத்தை நாம் மூன்று பேரும் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தோம். ஒன்றும் விளங்கவில்லை. “ஏட்டி, படத்தப் பாத்து பை வெட்ட முடியுமா? பேட்டர்ன் போட்டாத்தான் தெரியும்” என்றீர்கள். தையல் மிஷின், வெட்டுமேசை, மாடிப்படி என்று ஒவ்வொன்றுக்கும் நிஜ அளவில் தாள் வெட்டி, காலி செய்த பட்டறைத் தரையில் பரப்பினோம். பரப்பப் பரப்ப இடம் போதவே இல்லை. கடைசி மிஷினின் தாள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு சுவர் சுவராக அளந்தான். “கட்டடம் சுருங்கிப்போச்சோ?” என்று அவன் கேட்ட விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நீங்கள்தான் குனிந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டீர்கள். “ஏட்டி, எல்லாத்துக்கும் மடிப்பு விட்டுல்லா வெட்டியிருக்கோம்.” பைக்குத் தோல் வெட்டும்போது, மடித்துத் தைக்கச் சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக விடுவோமே, அந்தக் கைப்பழக்கம். மிஷினுக்கும் மாடிப்படிக்கும்கூட மடிப்பு விட்டிருந்தோம். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே எல்லா ஓரங்களையும் நறுக்கினோம். திரும்ப நெருக்கிப் போட்டபோது படிக்குப் பக்கத்தில் ஒரு மூலை மிஞ்சியது.

அங்கே சரக்கு அடுக்கலாம் என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள், நீங்கள் ஒரு தாளை வெட்டிப் போட்டு அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

“இது கக்கூஸ். தைக்கிற பிள்ளையெல்லாம் வெளிய வரிசையில நிக்கதுக்குப் பயந்து பகல் பூரா தண்ணி குடிக்காம கெடக்கு. இதுக்கு சரின்னு சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்.”

“அப்பம் சரக்க எங்க வைக்க?”

“ஒங்க தலையில வைங்க.”

டீயைக்கூட அங்கேயே வரவழைத்துக் குடித்தீர்கள். கக்கூஸில் உட்கார்ந்து டீ குடித்த முதல் ஆள் என் பொண்டாட்டிதான் என்று அண்ணன் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்று நானும் தாள் பரப்பினேன், மடிப்பு விடாமல், ஒவ்வொன்றிலும் பேர் எழுதி. செம்பூரிலிருந்து வந்த புது என்ஜினீயர் பெண்ணுக்குத் தமிழ் பேச வருகிறது, வாசிக்க வரவில்லை. ஒவ்வொரு தாளாகக் காட்டி “ஆன்ட்டி, இது என்னது?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கக்கூஸ் தாளுக்கு வந்தபோது உங்கள் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டாள்: “அவங்க டேபிள் எங்க இருந்துச்சு?”

எந்த மிஷின் காலியாக இருக்கிறதோ அதன் ஸ்டூலில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டினீர்கள். எல்லாருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தீர்கள், உங்களுக்கென்று ஒரு துண்டுத் தாள் வெட்டிக்கொள்ளவில்லை. அழுகையாக வந்தது. உங்கள் மேல் கோபமும் வந்தது, மைனி.

சுருளை இழுத்து, இருப்பதிலேயே பெரிய தாளாக ஒன்றை வெட்டி ஜன்னலோரம் போட்டேன். அண்ணன் ஓடி வந்தான்.

“அது மீன் தொட்டி வைக்கிற எடம்லா. ஒனக்கு எதுக்குட்டி இம்புட்டு பெரிய மேசை?”

“ரெண்டு பேருக்குண்ணே. மைனிக்கும் எனக்கும்.”

அண்ணன் மீன் தொட்டித் தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “ரெண்டு நாற்காலி போட்டுக்கோம்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

ஜன்னல் பக்கத்து நாற்காலி உங்களுடையது. எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வந்தாலும் அதில் உட்காரவிட மாட்டேன். அந்தப் பிடிவாதத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது நீங்கள்தான்.