இடது கதவுப் பலகை

2001 பெப். 6, செவ்வாய்

நல்ல வெயில். கொட்டாஞ்சேனையில் என் குஷன் கடைக்குள் ஃபான் சுற்றுகிறது, காற்று இல்லை. கறுவாத்தோட்டத்துச் சிங்கள மாத்தயாவின் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சிவப்பு. நாற்பது வருடப் பழசு, இரண்டே சீட். ஏறி இருந்து பார்த்தேன். இறங்க ஆள் பிடிக்கவேண்டியதாய்ப் போயிற்று.

மாத்தயா பேசும் பத்துச் சொல்லில் எட்டு ‘ஒறிஜினல்’. பழைய ஆணிகூட எறியக்கூடாதாம்.

வேலை: சீட் 2, கதவு 2, டாஷ்போட் ஓரம்.

முன்பு குஷன் அடித்தவன் ஒரு கழுதை. தையல் பாம்பு போன தடம். மடிப்பெல்லாம் பசைக் கட்டி. இவனுக்கெல்லாம் யார் ஊசி கொடுத்தது?

பெப். 7, புதன்

சீட் கழற்றினேன். ரெக்சீனுக்குக் கீழே தும்பு, தும்புக்குக் கீழே பருப்புச் சாக்கு. ஒறிஜினல் பருப்புச் சாக்கு. மாத்தயாவுக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் மாப்பிள்ளையின் தகப்பன் வெள்ளவத்தையிலிருந்து வீட்டுக்கு வந்தார். மகள் தர்ஷினிக்குப் பார்த்திருக்கும் இடம். கதிரையைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் இருந்தார். அது நான் அடித்த குஷன்.

“பொருத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பிறந்த நேரத்துக்கு ஒரு அத்தாட்சி வேணும். வாயால சொன்னா எங்கட சாத்திரியார் ஏற்கமாட்டார்.”

சாதகம் 83 கலவரத்தில் வீட்டோடு எரிந்தது. நேரம் என் ஞாபகத்தில் இருப்பதுதான்: காலை 7.15. ‘விடிய முந்தி’ என்று மனுசி பவளம் இருபத்தேழு வருடமாகச் சொல்கிறாள். பெற்றவள் பேச்சை யார் கேட்டது? நான் அடித்துச் சொன்னேன்.

போகும்போது அவர்: “ஆக்கள் கேட்டா, நீங்கள் மோட்டார் வியாபாரம் எண்டு சொல்லுவம். குஷன் வேலை எண்டா ஒருமாதிரி.”

சிரித்து வைத்தேன். பிள்ளைக்கு 27 ஆகிறது. அறைக்குள் அவளுக்குக் கேட்டிருக்கும்.

பெப். 8, வியாழன்

இடது கதவு. உள்பக்கப் பலகையைக் கழற்றித் திருப்பினால் பின்பக்கம் பென்சில் எழுத்து. பிள்ளையார் சுழி. கீழே: ‘பெட்டைப் பிள்ளை. விடிய 4.40. இரண்டு பேரும் சுகம்.’

என் எழுத்து.

கார் அப்போது பச்சை. கொம்பனித்தெருவில் சம்பளத்துக்கு நின்ற காலம். பக்கத்துக் கடை ரெலிபோனுக்குச் செய்தி வந்தது. கையில் பேப்பர் இல்லை. பலகையில் எழுதிவிட்டு, மிச்ச வேலையை அள்ளி ஒட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன். 7.15 என்பது ரெலிபோன் வந்த நேரமாக இருக்கும்.

ஆக, கழுதை நான். பருப்புச் சாக்கும் நான்.

பெப். 9, வெள்ளி

பவளத்திடம் சொன்னேன். கறியைக் கிண்டியபடியே, “நான் சொல்லேக்க இல்லை, பலகை சொன்னாத்தான் இவர் நம்புறார்” என்றாள். சுவருக்குச் சொன்னது.

எங்கள் சாத்திரியாரிடம் 4.40ஐக் கொடுத்தேன். கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்கினார். 7.15 பொருந்தும், 4.40 பொருந்தாது. “பேசாம இருங்கோ அண்ணை. பலகை நடந்து போய்ச் சொல்லாது.”

இன்று இரவு தூக்கம் வராது... இல்லை, பொய். நன்றாகத் தூங்குவேன். தர்ஷினியிடம் கேட்டுவிட்டேன். வேலையால் வந்து செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“மூடவோ, காட்டவோ பிள்ளை?”

“அவை அத்தாட்சி கேட்டவை. குடுங்கோ அப்பா. கதிரை துடைக்கிற வீட்டில நான் தொட்டதெல்லாம் துடைப்பினம்.”

பெப். 10, சனி

புதுப் பலகை வெட்டிப் போட்டேன். இம்முறை தையல் நேர். மாத்தயா கதவைத் தட்டிப் பார்த்தார். “ஒறிஜினல் போட் எகனே?” பழைய பலகைதானே என்கிறார்.

“ஒவ் மாத்தயா” என்று தலையாட்டினேன்.

சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். மூளையும் ஒறிஜினல், பாவிக்கவே இல்லை.

பெப். 11, ஞாயிறு

பலகையைப் பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் வெள்ளவத்தை. மாப்பிள்ளையின் தகப்பன் முன்னால் மேசையில் வைத்தேன். கண்ணாடி போட்டு நேரத்தை இரண்டு தரம் வாசித்தார். முகம் கறுத்தது. விரல் நுனியால் பலகையைத் தள்ளினார்.

“என்ன இது, எண்ணெயும் பசையும் மணக்குது.”

“ஓம்” என்றேன். “மோட்டார் வியாபாரம்.”