சில்லர் பிளக்கைக் கழட்டினது நான்தான்

மாப்ள,

டெலிவரிக்குக் கிளம்பிட்டு இருந்தேன், இன்டர்காம் அடிச்சுச்சு. வாட்ச்மேன் காக்கா. சித்தப்பாவை இங்க காக்காங்கறாங்கன்னு நம்ம சிரிப்போமே, அவருதான். "ஜெனரேட்டர் போட்டாச்சு, உன் மீனைப் பாத்துக்க"ன்னு மராத்தில சொல்லிட்டு வச்சுட்டாரு. வியாழக்கிழமைல்ல, கரண்ட்டை நிறுத்தி வேலை பாக்குற நாள். தொட்டியில மீனே இல்ல, பவளம்தான்னு நீ எத்தனை தடவை சொன்ன. அவருக்கு அது மீன்தான். நீ போயி நாலு மாசம் ஆயிருச்சு, ஒரு வியாழன்கூட இந்த போனை அவரு விடல. அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசுது.

போன ஏப்ரல்ல நீ ஆபீஸ் வேலையா மூணு நாள் சென்னை போன. காலேஜை மூணாம் வருசத்துல விட்டுட்டு, "ஒரு வாரம் தங்கிக்கிறேன்டா"ன்னு புனேவுல உன் கராடி ஃபிளாட்டுக்கு வந்து ஒன்றரை வருசம் சோபாவுல கிடந்தவன் நான். என்கிட்ட நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு, "தண்ணி சூடாகாமப் பாத்துக்க." அதுக்கும் நான் ஒண்ணும் பண்ண வேணாம். தொட்டித் தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் அது பாட்டுக்கு ஓடும். சோபா பக்கத்துல இருக்கிறது ஒரே பிளக் பாயின்ட். எனக்கு வேர்த்துச்சு. சில்லரைக் கழட்டிட்டு ஏர் கூலரை மாட்டுனேன். புதன்கிழமை மத்தியானம் கழட்டினது, வியாழன் சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு.

தண்ணி முப்பத்தி மூணு டிகிரி. பச்சையா இருந்த பவளம் பூரா எலும்பு மாதிரி வெள்ளை. உனக்கு போன் பண்ணுனேன். "கரண்ட் போச்சுடா, காக்கா ஜெனரேட்டரே போடல." யோசிச்சுச் சொல்லல, வாயில தானா வந்துச்சு. ஐஸ் கட்டியைக் கொட்டவான்னு கேட்டேன். நீ கத்தல. "வேணாம். திடீர்னு குளிர்ந்தா மிச்சமும் போயிரும். மூடியைத் திற, ஃபேனைத் தண்ணி மேல காட்டு, சில்லரை ஒவ்வொரு டிகிரியா இறக்கு."

மறுநாள் வந்து பையைக்கூட வைக்கல, கேட்லயே காக்காவை நாலு பேர் முன்னாடி பிடிச்சுக் கத்துன. அவரு வயசு என்ன, உன் வயசு என்ன. அவரு உன்னையப் பாக்கல, பக்கத்துல நின்ன என்னையப் பாத்தாரு. நான் மொபைலைப் பாத்தேன்.

"செத்துரலடா. உள்ள இருந்து சோறு போட்ட பாசி போயிருச்சு, பட்டினியா கிடக்கு. நம்ம ஊட்டுவோம்"ன்ன. லைட்டைக் குறைச்சு, அது மேல பட்டர் பேப்பர் ஒட்டுன. சாயங்காலம் லைட் அணைஞ்சதும் பவளம் வாயைத் திறக்கும். நீ டார்ச் பிடிப்ப, நான் டிராப்பர்ல பொடி இறாலை விடுவேன். அப்பப்ப சும்மா கேக்குற மாதிரி கேப்ப, "அன்னிக்கு என்னடா ஆச்சு, திரும்பச் சொல்லு." நானும் சொல்வேன், ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சேத்து. கீழ போயிப் பாத்தேன், காக்கா குறட்டை விட்டுட்டு இருந்தாருன்னுகூடச் சொன்னேன். நீ "ம்"முன்னுட்டு டார்ச்சைக் கொஞ்சம் நகத்துவ.

மூணு மாசம் கழிச்சு ஓரத்துல பழுப்பு ஏறுச்சு. பச்சை திரும்புறதுக்குள்ள உனக்கு டெங்கு. அட்மிட் ஆன அஞ்சாம் நாள் உன்னைய ஐஸ் பெட்டியில வச்சு மதுரைக்குக் கொண்டு போனோம். சாமானை எடுக்க வந்த உங்கக்கா தொட்டியை மட்டும் விட்டுட்டுப் போனாங்க. "நீதானடா அதைக் காப்பாத்துன, நீயே வச்சுக்க." நான் தலையை ஆட்டுனேன்.

இன்னிக்கு முடியல. கீழ இறங்கி, அரைகுறை ஹிந்தில காக்காகிட்ட சொல்லிட்டேன். பிளக்கைக் கழட்டினது நான், பழியை உங்க மேல போட்டதும் நான்னு.

அவரு டீ கிளாஸைக்கூடக் கீழ வைக்கல. "தெரியுமே. மூணாவது மாடி மேடம் அன்னிக்கு ஜெனரேட்டர்ல லிஃப்ட் நல்லா ஓடுச்சேன்னு உன் தோஸ்த்கிட்ட சொல்லிருக்காங்க. அந்த வாரமே வந்து என் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டான். உன்னைய ஒண்ணும் கேக்க வேணாம், அவனே சொல்லுவான்னான்."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் போன் பண்றீங்க?"

"பின்ன? நீ மறுபடி பிளக்கைக் கழட்டுனா?"

பக்கத்துல இருந்த டிரைவர் சிரிச்சான். நான் மேல வந்துட்டேன்.

பவளம் நல்லா இருக்குடா, முழுப் பச்சை. நானும் சொல்லிட்டேன், ஆனா உன்கிட்ட இல்ல. திரும்பச் சொல்லுன்னு நீ கேட்டதையெல்லாம் இப்ப உக்காந்து எண்ணிட்டு இருக்கேன். பதினொண்ணு வரைக்கும் ஞாபகம் வருது.