ரூம் இருக்கிறது, வா

10 பிப்ரவரி 1982, புதன். காலை 5.40. வெளியே படுத்த இரவுகள்: 52.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தா. நோயாளிகளின் உறவுக்காரர்கள் நூறு பேருக்கு மேல் வரிசையாகப் படுக்கிற இடம். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எல்லோருக்கும் உள்ளே ஒருவர் இருக்கிறார். எனக்கு உள்ளே யாருமில்லை. அது யாருக்கும் தெரியாது.

சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் செய்தித்தாள் நான்கு மடிப்பு. காற்று உள்ளே அடைபட்டால் அதுதான் இன்சுலேஷன். வேலை செய்கிறது. கால் மட்டும் விறைத்துவிட்டது.

ஐந்து மணிக்குத் தரை கழுவுகிறவர் வாளியோடு வருவார். அதற்குள் எழுந்துவிட வேண்டும். எதிரே தள்ளுவண்டியில் டீ. என்னைப் பார்த்ததும் டீக்காரர் இஞ்சியைத் தட்டுகிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவருக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

12 பிப்ரவரி

எலெக்ட்ரிகல் டிப்ளமா, முதல் வகுப்பு. டெல்லி கோட்லாவில் மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி எட்டுக்கு ஷட்டர் போட்டுவிடுவார்கள். உள்ளே படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். செம்புக் கம்பி இருக்கிற இடத்தில் ஆள் படுக்கக் கூடாது என்றார் கடைக்காரர். நியாயம்தான். நானாக இருந்தாலும் விடமாட்டேன்.

டிசம்பர் வரை சரோஜினி நகரில் கல்யாணராமன் சார் குவார்ட்டர்ஸின் பின்பக்க பால்கனி. படுதா கட்டி ஒரு கட்டில். சர்க்கார் குவார்ட்டர்ஸில் வெளி ஆளை வைக்கக் கூடாது. சோதனை வருகிறது என்று பேச்சு வந்ததும், "ஒரு வாரம் வெளில இருந்துட்டு வந்துடுப்பா" என்றார். ஒரு வாரம் கழித்துப் போனால் பால்கனியில் அவர் மனைவி விசாலாக்ஷி மாமியின் தம்பி. சண்டை போடவில்லை. கடிதங்கள் மட்டும் அந்த விலாசத்துக்கே வருகின்றன. ஞாயிறு தோறும் போய் வாங்கிக்கொள்கிறேன்.

வேறு அறை? தனி ஆள், மதராஸி, நிரந்தர வேலை என்று காட்டக் காகிதம் இல்லை. நாலு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். ஐந்தாவது இடத்துக்கு நான் போகவில்லை.

13 பிப்ரவரி

இதுவரை கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். தொடர்ந்து இரண்டு இரவு ஒரே இடத்தில் படுக்காதே, முகம் பழகினால் பையும் பழகும். சர்டிபிகேட் வயிற்றில் கட்டியிருக்க வேண்டும், பையில் அல்ல. ஷூவின் லேசை இரண்டு காலுக்கும் சேர்த்து முடிந்து தலைக்கு வை. இருட்டில் தனியாகப் படுக்காதே; கூட்டத்தில் படு, ஆனால் கூட்டத்தோடு பேசாதே. முன்பின் தெரியாதவன் தரும் பிஸ்கட், டீ வேண்டாம். லாரி ஏறினால் நம்பரைக் குறித்துக்கொண்டு ஏறு, கதவுப் பக்கம் உட்கார். தமிழ்க்காரர்கள் இருக்கிற இடத்துக்குப் போகாதே. எந்த ஊர், யார் மகன், எங்கே தங்கியிருக்கிறாய் என்று மூன்று கேள்வி வரும். மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெயர் சொல்லாதே. இதுதான் முக்கியம்.

14 பிப்ரவரி, ஞாயிறு

ஐந்து நாளாகத் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியிடம் பேசினது கணக்கில்லை. "லெட்டர் இல்லேப்பா", "சரிங்க மாமி". அவ்வளவுதான்.

குருத்வாராவில் சாப்பிட்டுவிட்டு வெளியே புல்வெளியில் உட்கார்ந்து பரமசிவத்துக்கு இன்லண்ட் எழுதினேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷமும் என் லேப் பார்ட்னர். ஒருநாள் நான் டெர்மினலில் கை வைத்திருக்கும்போதே ஸ்விட்சைப் போட்டவன். என் இடது புருவம் பாதி இல்லாதது அவன் உபயம். இப்போது அருப்புக்கோட்டையில் சித்தப்பாவின் மாவு மில்லில் இருக்கிறான்.

நிறைய எழுதினேன். ஆஸ்பத்திரி எதிரே கிடைக்கும் இஞ்சி டீ. பங்களா சாஹிப் குருத்வாராவில் தட்டில் விழும் சூடான ரொட்டி, அங்கே பம்பு ஒன்று சத்தம் போடுவது, பேரிங் போய்விட்டது என்று கேட்டவுடனே எனக்குத் தெரிந்தது. ஆர்.கே. புரத்தில் தமிழ்க்காரர்களின் மலைக்கோயில் தூரத்தில் தெரியும், போனதில்லை என்று. எல்லாம் உண்மை. பொய் இரண்டே இரண்டு. ஒரு கம்பெனியில் வேலை என்றது ஒன்று. கடைசி வரி இன்னொன்று: "புறப்பட்டு வா. ரூம் இருக்கிறது. இன்னொரு கட்டில் போடலாம்."

ஏன் எழுதினேன்? அவன் வரமாட்டான். மில்லை விட்டு எங்கே வருவான். எழுதும்போது அந்த ரூம் இருந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

16 பிப்ரவரி

மழை. நிஜாமுதீன் ஸ்டேஷன். தூங்கவில்லை.

26 பிப்ரவரி, வெள்ளி. ஆக்ரா.

ஞாயிறன்று கான்பூரில் எழுத்துத் தேர்வு. லிஃப்ட் கேட்டுத்தான் போகிறேன். மதுரா ரோட்டில் ஆறரைக்கு நின்றேன், ஒன்பதரைக்கு ஒரு லாரி நின்றது. நரைத்த தாடி சர்தார்ஜி. கிளீனர் இல்லை.

ஹோடல் என்ற ஊர் தாண்டி ரோட்டோரம் ஒரு தாபாவில் சாப்பாடு. பிறகு வெயில், எஞ்சின் சூடு, நேர் ரோடு. அவர் கண் சொக்கியது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு என் தொடையில் ஒரு தட்டு தட்டினார். "போல்தே ரஹோ!" பேசிக்கொண்டே வா. அதுதான் எனக்கு டிக்கெட். என் ஹிந்தி பத்து நிமிடத்தில் தீர்ந்தது. "மதராஸியில் பேசு" என்றார்.

பேசினேன். இண்டக்ஷன் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு. மதுரா வருவதற்குள் அது முடிந்துவிட்டது. அப்புறம் வேறு என்னென்னவோ வந்தது. அம்மாவுக்கு எழுதுகிற பொய்கள். ராத்திரி யாராவது பக்கத்தில் வந்து நின்றால் தூங்குகிற மாதிரி மூச்சை அளந்து விடுவது. பரமசிவத்துக்கு எழுதிய கடைசி வரி. சர்தார்ஜி சரியான இடங்களில் "அச்சா, அச்சா" என்றார். ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது.

மூன்று மணி நேரம். தொண்டை கட்டிவிட்டது. இரண்டு மாதம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

28 பிப்ரவரி

தேர்வு சுமார். பத்து இடத்துக்கு எழுநூறு பேர்.

1 மார்ச். எங்கேயோ, பெட்ரோல் பங்க்.

திரும்பும்போது ஏறிய டெம்போவில் மூன்று பேர். பிற்பகலிலேயே குடித்திருந்தார்கள். மெயின் ரோட்டை விட்டு ஒரு மண் பாதையில் திருப்பினார்கள். ஏன் என்றேன். சிரித்தார்கள். ஒருவன் என் வயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்து, என்ன இது என்றான். நான் இந்த நோட்டை விரித்துக் காட்டினேன். "உங்கள் வண்டி நம்பர்." ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிறுத்தி, இறக்கி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான்கு மைல் நடந்து இந்தப் பங்குக்கு வந்தேன். வெளிச்சத்தில் படுத்திருக்கிறேன்.

அவர்கள் முட்டாள்கள். என்னை அடித்துப் போட்டிருந்தால் நோட்டையும் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். நம்பரை எழுதி எழுதி வைக்கிறேனே, யார் படிக்க? இத்தனை நாள் இதை யோசிக்கவே இல்லை. நானெல்லாம் ஒரு டெக்னீஷியன்!

2 மார்ச், செவ்வாய்

வந்துவிட்டான். பரமசிவம் வந்துவிட்டான்.

ஞாயிறு போக முடியாததால் சாயங்காலம் சரோஜினி நகர் போனேன். கதவைத் திறந்ததும் விசாலாக்ஷி மாமி, "ஏம்ப்பா, நீ இங்கேதான் இருக்கேன்னு அந்தப் பிள்ளைக்கு எழுதினியா?" என்றார். சனிக்கிழமை காலை ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்திருக்கிறான். தோளில் ஜமக்காளம், கையில் முறுக்கு டின்.

"டிசம்பர்லயே போய்ட்டானேன்னு சொன்னேன். காபி குடுத்தேன். ராத்திரி இங்க படுத்துக்கோ, நாளைக்கு அவன் லெட்டருக்கு வருவான்னேன், மாமா பாத்துப்பார்ன்னேன். இல்லேம்மா, அவனைத் தேடணும்னு கெளம்பிடுத்து. நாலு நாளாச்சு. எனக்குச் சோறு எறங்கலே."

அவன் புறப்படுவதாக எழுதிய கடிதம் வியாழக்கிழமையே வந்து அலமாரியில் கிடந்தது. நான் அப்போது டெல்லியில்தான் இருந்தேன்.

ஹிந்தி தெரியாது. யாரையும் நம்புவான். யார் பிஸ்கட் கொடுத்தாலும் சாப்பிடுவான். போச்சு.

3 மார்ச், புதன்

கடைக்குப் போகவில்லை. முறையாக யோசி. புது ஆள் எங்கே போவான்? புது டெல்லி ஸ்டேஷன், பழைய டெல்லி ஸ்டேஷன், பஸ் நிலையம். காலை ஆறு முதல் மூன்று வரை மூன்றையும் சல்லடை போட்டேன். படுத்திருந்தவர்களின் போர்வையை விலக்கி முகம் பார்த்தேன். இரண்டு பேர் அடிக்க வந்தார்கள். இல்லை.

காலை நீட்டக்கூட முடியவில்லை. டீக்கு ஆஸ்பத்திரி எதிரே வந்தேன். டீக்காரர் இஞ்சியைத் தட்டவில்லை. என் இடது புருவத்தையே பார்த்தார்.

"நீதான் பச்சைமுத்துவா?"

எழுபது நாளுக்கு மேல் மறைத்து வைத்த பெயர்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மதராஸி வந்தானாம். தன் புருவத்தில் பாதியை விரலால் மறைத்துக் காட்டி, "பச்சைமுத்து, பச்சைமுத்து" என்றானாம். ஹிந்தியே இல்லை, எல்லாம் கைதான். வண்டி முன்னால் வந்த அத்தனை பேரிடமும் காட்டியிருக்கிறான். "காலேஜில் நீதான் ஃபர்ஸ்டாமே?" என்றார் டீக்காரர். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், அவன் காட்டிய மாதிரி. இல்லை, நான் இரண்டாவது.

என் கடிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அலைகிறான்.

குருத்வாராவுக்கு ஓடினேன். செருப்பு வாங்கி வைக்கிற இடத்தில் இருந்த பெரியவரும் புருவத்தைப் பார்த்தார். "பம்பு பேரிங்?" என்றார். அங்கேயும் வந்து போயிருக்கிறான். திங்கட்கிழமை.

4 மார்ச், வியாழன், பகல்

பயம் தாங்காமல் காலையில் ஆஸ்பத்திரி குமாஸ்தாவிடம் போனேன். வராந்தாவில் அத்தனை இரவு படுத்திருக்கிறேன், உள்ளே போனது இன்றுதான். 'லாவாரிஸ்' ரிஜிஸ்டர் என்று ஒன்று எடுத்தார். கேட்க ஆளில்லாமல் வந்து சேர்ந்த பிணங்கள். விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தார். ஆண், வயது ஐம்பது இருக்கலாம், பெயர் தெரியவில்லை. ஆண், வயது இருபத்தைந்து இருக்கலாம், பெயர் தெரியவில்லை. எந்தத் தேதி என்றேன். ஜனவரி, ஜனவரி என்றார். அவன் இல்லை.

ஜனவரியில் நான் இங்கேதான் படுத்திருந்தேன். அவன் யார்? என் பக்கத்துப் பாயா? நானும் பேசவில்லை. அவனும் பேசவில்லை.

பாக்கி இருப்பது கடிதத்தில் ஒரே ஒரு வரி. மலைக்கோயில்.

5 மார்ச் 1982, வெள்ளி. காலை 6.15. வெளியே படுத்த இரவுகள்: 74. நேற்று கணக்கில் வராது.

கோயில் படி ஏறும்போதே பிரசாதம் கொடுக்கிறவர், "வாங்கோ பச்சைமுத்து" என்றார். புருவம் போதுமாக இருந்தது. எந்த ஊர், யார் மகன் என்று கேட்கவில்லை, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பரமசிவம் பக்கத்தில் மேம்பாலம் கட்டுகிற இடத்தில், சேலத்துப் பக்கத்து ஆட்களோடு இருக்கிறான் என்றார்.

தகரமும் சாக்குமாகப் பதினைந்து குடிசை. அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். பெயர் செங்கம்மாள்.

"இவருதானா அந்த எஞ்சினியரு? மூணு நாளா ஒம்பேரச் சொல்லிச் சொல்லி எங்க நாய்க்கே மனப்பாடம் ஆயிருச்சு கண்ணு. அது என்ன, ஊரு பூரா ஆளு தேடுது, நீ மட்டும் ஒளிஞ்சுக்கிட்டுத் திரியற? கொலை கிலை பண்ணிட்டியா?"

அவள் புருஷன் மூக்கன் சிரித்தான். "மணலு தூக்கறான் பாரு, ஒங்க ஆளு. ஒரு சட்டி தூக்கினா ரெண்டு சட்டி கொட்டறான்."

இன்டர்வியூவுக்குத் தைத்த பேண்டை முட்டி வரை மடித்துக்கொண்டு வந்தான் பரமசிவம். சட்டியைக் கீழே போட்டான். நான்தான் முதலில் கத்தினேன். ஏன்டா சொல்லாமக் கொள்ளாம வந்தே, அறிவிருக்கா, பிஸ்கட் கிஸ்கட் தின்னியா, செத்துக் கித்து வச்சா உங்க வீட்டுக்கு யாருடா பதில் சொல்றது.

அவன் முடியட்டும் என்று நின்றான். பிறகு, "எளைச்சுட்டியேடா" என்றான்.

"ரூம் இல்லடா."

"தெரியும். மொத நாளே அந்த அம்மா சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் தேடினே? ஊருக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டியதுதானே?"

"ரூமுக்காகவாடா தேடினேன்? ரெண்டு மாசமா நீ எங்கயோ ரோட்டுல படுத்துக் கெடக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. எப்படிறா திரும்பிப் போறது?"

செங்கம்மாள் களி போட்டாள். முறுக்கு டின்னில் எனக்கென்று அவன் அம்மா கொடுத்ததில் நாலு முறுக்கு மிச்சம் வைத்திருந்தான். மீதியை டீக்காரரிலிருந்து ஆரம்பித்து வழி கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்திருக்கிறான். முன்பின் தெரியாத ஒருவன் கொடுத்ததை அத்தனை பேரும் வாங்கித் தின்றிருக்கிறார்கள்.

ராத்திரி ஒரே குடிசையில் மூக்கன், செங்கம்மாள், பரமசிவம், நான், நாய். ஷூவைத் தலைக்கு வைக்க மறந்துவிட்டேன். காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டும்.

இனி செய்ய வேண்டியது:

1. மாமியிடம் போய், கிடைத்துவிட்டான் என்று சொல்வது. சாப்பிடச் சொல்வது.
2. கோட்லா கடையில் இரண்டு நாள் வராததற்குத் திட்டு வாங்குவது. பரமசிவத்துக்கும் அங்கே வேலை கேட்பது. ஸ்விட்ச் போர்டு பக்கம் மட்டும் அவனை விடக் கூடாது.
3. அம்மாவுக்குக் கடிதம். பால்கனி போனதிலிருந்து எல்லாம். விலாசம்: மூக்கன் குடிசை, மேம்பாலம் கட்டும் இடம், ரிங் ரோடு. இங்கே தபால் வருமா என்று மூக்கனிடம் கேட்பது.
4. குருத்வாராவில் பம்பைப் பிரித்துப் பார்க்கவா என்று கேட்பது.
5. தொடர்ந்து இரண்டாவது இரவும் இங்கேயே படுப்பது.
6. டீக்காரரிடம் அவர் பெயரைக் கேட்பது.