மாப்பிள்ளை அள்ளிய ஜல்லி

மச்சான்,

இன்று காலை எங்கள் வாசலில் ஒரு லோடு ஜல்லி கொட்டிவிட்டுப் போனார்கள். கேட்டிலிருந்து ரோடு வரை பாதை போட வேண்டும். ஆள் வைக்கலாமா, நானே போட்டுவிடலாமா என்று யோசித்தபடி ஒரு கை அள்ளிப் பார்த்தேன். உங்கள் தங்கை அடுப்படியிலிருந்தே, "அத கீழ போடுங்க!" என்று கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவளுக்கு அந்தப் பயம் போகவில்லை.

அப்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. எந்த ரோட்டில் எப்போது மரத்தை வெட்டிப் போடுவார்கள் என்று தெரியாமல், நிக்காஹுக்கு மூன்று நாள் முன்பே நாங்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து மணலூர்பேட்டைக்கு வந்து உங்களுக்குப் பக்கத்துத் தெருவில் தங்கிவிட்டோம். மாப்பிள்ளை கார் சேற்றில் சிக்காமல் வீடு வரை வர, ஆள் வைத்து ஜல்லிப் பாதை போட மகனான உங்களிடம் சொல்லியிருந்தார் மாமா. "ரெண்டு ஆள் வெச்சிட்டேன் அத்தா" என்று கூசாமல் சொன்னீர்கள். துணிக்கடையில் கஜக்கோலைத் தவிர எதையும் தூக்காதவர், "இதுக்குப் போயி ஆளா?" என்று தனியாகவே இறங்கி, அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தீர்கள். மறியலால் வெளியூர் ஆட்களும் வர வழியில்லை.

"மாப்ள, அந்த மம்முட்டிய எடுங்க. மெதுவா அள்ளுங்க." மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

மத்தியானம் மாமா கடையிலிருந்து வந்துவிட்டார். நீங்கள் சட்டென்று இடுப்பில் கை வைத்து மேஸ்திரி மாதிரி நின்றீர்கள். நான் தலைத்துண்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன்.

"இன்னொரு ஆள் எங்கடா?"

"டீ குடிக்கப் போய்க்கிறான் அத்தா."

"இவன் நல்லா வேல செய்றான். கல்யாணத்துக்கு சாப்ட வரச் சொல்லு."

வந்தேன். ரோட்டில் மரம் கிடந்ததால் கார் வரவேயில்லை. நான் அள்ளிய ஜல்லி மேல் நானே நடந்து வந்தேன்.

பந்தலில் ஹஜரத் ஓதத் தொடங்க, மாமா வழக்கப்படி என் வலது கையைப் பிடித்து அழுத்தினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "ஆ!" என்று கையை உருவிக்கொண்டேன்.

ஹஜரத் நிறுத்தினார். "இன்னா மாப்ள, சம்மதம் இல்லியா?"

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணத்தைச் சொன்னால் நீங்கள் மாட்டுவீர்கள், சொல்லாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும். நீங்கள்தான் எழுந்தீர்கள்.

"அவர் மேல தப்பில்ல அத்தா. ஆள் யாரும் வெக்கல. நான் பொய் சொன்னேன். அன்னிக்கு ஜல்லி அள்ளுனது மாப்ளதான்."

ஜமாஅத் மொத்தமும் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், உங்களை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிக்காஹை முடித்தார். உங்களோடு ஒரு மாதம் பேசவில்லை.

நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்காக ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றீர்கள். நீங்கள் உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. கிண்டல் மட்டும்தான் செய்தேன். அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

ஆளை வரச் சொல்லிவிட்டேன், மச்சான். நானே போட்டிருப்பேன். நிரப்பிய சட்டியைத் தலைக்கு ஏற்றிவிட இன்னொருவர் வேண்டும். அதற்கு உங்களைத் தவிர வேறு யாரையும் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.