ஒரே பீடத்துக்கு இரண்டு மணி

அன்பு மகள் தெபோராளுக்கு, நானும் அப்பாவும் கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஜபல்பூர்க் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கவேண்டுமே என்பதுதான் என் கவலை. பதில் எழுதப் பிந்திவிட்டேன், கோபிக்காதே. திருவிருந்து வாங்கும்போது இயேசு நமக்குள் வந்திருப்பது உனக்குத் தெரிகிறதா அம்மா, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. பீடத்தண்டை முழங்காலில் நிற்கும்போது நம் தெரு அம்சம் அக்காவின் தோள் என்மேல் இடிக்கும், அவள் வாய் வைத்த பாத்திரம் என் வாய்க்கு வரும், அந்த நேரத்தில் நான் வேறு இயேசு வேறு என்று தோன்றாது.

இப்போது அதில்தான் அடி விழுந்திருக்கிறது. சம்பா அறுப்புக்குக் கூலி நெல் கூட்டிக் கேட்டு நம் தெருவே வயலில் இறங்காமல் இருக்கிறது, மிராசுதார் தாவீது பிள்ளை வெளியூர் ஆளை இறக்கிவிட்டார். கொடி பிடித்தவர்களோடு ஒரே வரிசையில் முழங்கால் போடமாட்டோம் என்று அவர் வீட்டார் சொல்ல, நம் குருவானவர் ஜெக்கரியா ஐயர் சரி என்றுவிட்டார். அவர்களுக்கு முதல் மணி ஆராதனை, நம் தெருவுக்கு இரண்டாம் மணி. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், எல்லாரையும் ஒரே வரிசையில் சேர்த்ததே அவர்தான். கேட்கப்போனால், டீச்சர், இயேசு வேற, கூலி வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க என்கிறார். அதோடு விட்டாரா, நீங்க படிச்சவங்க, முதல் மணிக்கே வந்துடுங்க, உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்றார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பி.ஏ. படித்தது இதற்குத்தானா. அப்பாவிடம் சொன்னேன், கழக ஆட்சியில கர்த்தருக்கும் ரெண்டு ஷிப்டு போட்டுட்டாங்களா என்று சிரித்தார், சிரித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

நான் எந்த மணிக்கும் போகவில்லை. ஜெபத்துக்கு உட்கார்ந்தாலும் வாய் வரவில்லை, இயேசுவும் என்னை விட்டுவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது. அம்சம் அக்கா வந்து, ஏன் டீச்சரு, கோவம்னா ஐயரு மேல காட்டு, ஆண்டவரு என்னா பண்ணாரு என்று ஏசினாள். அவள் சொல்லித்தான், வருகிற ஞாயிறு தெருவே சேர்ந்து முதல் மணிக்குப் போவது என்று முடிவாகியிருக்கிறது. கொடுத்தால் வாங்குவோம், கொடுக்காவிட்டால் முழங்காலிலேயே இருப்போம். போலீசு வரும் என்று பேச்சு, நீ பயப்படாதே.

நல்ல கம்பளியாக ஒன்று வாங்கிக்கொள், வெறும் வயிற்றோடு டூட்டிக்குப் போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அந்த ஞாயிறு நீயும் அங்கே திருவிருந்துக்குப் போ, உள்ளே ஒன்றும் தெரியாவிட்டாலும் வாங்கு. இங்கே எங்களைத் தாண்டிப் பாத்திரம் போய்விட்டால், நீ குடிக்கிற அந்த ஒரு மிடறு எனக்கும் அம்சம் அக்காவுக்கும் சேர்த்துத்தான்.

உன் அம்மா,
சலோமி